ஊர் சுற்றப் போன பல் செட்

எங்கள் வீட்டு மாடியில் எப்போதும் யாருடைய பல்லாவது காய்ந்துகொண்டிருக்கும். மாடியில் குடியிருப்பவருக்குப் பல் செட் செய்வது தொழில். பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயில் அளவெடுத்து அச்சைக் கொடுத்தனுப்புவார்கள். அவர் அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றித் தாடை எடுப்பார், மெழுகில் பல் அடுக்குவார், வேகவைப்பார், ராவுவார், மெருகேற்றுவார். முன்னறைச் சுவர் முழுக்கப் பலகை. பலகை முழுக்க வெள்ளைத் தாடைகள். தெருவில் அவருக்குப் பல்லக்கா என்று பெயர். என் அம்மாவுக்கும் அக்கா, எனக்கும் அக்கா, என் வயதை ஒத்த அவருடைய மகனின் நண்பர்களுக்கும் அக்காதான்.

வேலை மேசை ஜன்னலை ஒட்டி இருக்கும். அந்த ஜன்னலின் கொக்கி எப்போதோ போய்விட்டது. கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க ஒரு பிளாஸ்டர் கட்டியை அண்டக் கொடுத்திருப்பார். உடைந்த ஓடு மாதிரி லேசாக வளைந்த கட்டி. அக்காவைப் பார்க்க மாடிக்குப் போகிற யாரும் அதைக் கையால் தொடாமல், நகர்த்தாமல் இருந்திருக்க மாட்டார்கள். நான் சின்ன வயதில் அதன் மேல் பென்சில் சீவியிருக்கிறேன்.

அக்காவின் கணவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்பியது, எப்போது திரும்பியது என்று பார்க்கிற வேலை. அந்த வேலையை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கடைக்குப் போய்விட்டு அக்கா படியேறினால் மேலேயிருந்து குரல் வரும்.

"என்ன, வழியில டயர் பஞ்சரா?"

தெருவே சிரிக்கும். அக்காவும் சிரிப்பார். அவர் தமாஷான ஆள் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. ஈறு நோயில் அவருக்குப் பல் எல்லாம் விழுந்தபோது அக்காதான் செட் கட்டிக் கொடுத்தார். கட்டின பல் என்று யாருக்கும் தெரியக் கூடாது என்று அவர் ஒற்றைக் காலில் நின்றதால், அவருடைய சொந்தக் கோரைப்பல் எப்படித் திரும்பியிருந்ததோ அப்படியே அதையும் சற்றுத் திருப்பி வைத்துச் செய்தார். டிப்போவில் ஒருத்தருக்கும் தெரியவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார் டைம் கீப்பர்.

அவர்கள் வீட்டில் ஒரு நாய் இருந்தது. சாப்பாட்டுத் தட்டு தன்னிடம் வரும்வரை எழுந்திருக்காது என்பதால் துரை என்று பெயர். மகன் பள்ளிக்கூடம் போகிற வயதில் அந்த நாய் அக்காவின் கையைக் கடித்துவிட்டது. முழங்கைக்குக் கீழே வீங்கிப்போய், கட்டுப் போட்டுக்கொண்டு அக்கா படியிறங்கி வந்தது நினைவிருக்கிறது. மறுநாள் நாய் பிடிக்கிற வண்டி வந்தது. துரை கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. வண்டிக்காரர்கள் கூப்பிட்டும் வரவில்லை. "நீ கூப்பிடுடா, உன் பேச்சைத்தான் கேக்கும்" என்று டைம் கீப்பர் மகனிடம் சொன்னார். அவன் கூப்பிட்டான். வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பையன் தெருவில் எந்த நாயையும் தொட்டு நான் பார்த்ததில்லை. இப்போது அவன் சரக்குக் கப்பலில் சமையல்காரன்.

ஜன்னலுக்கு எதிரே ஒரு டெலிபோன் பூத் உண்டு. டெலிபோன் போய்ப் பல காலம் ஆகிறது, கூடு மட்டும் நிற்கிறது. பல் ராவிக்கொண்டே தெருவைப் பார்த்திருந்த அக்கா ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஏய், இங்க வாயேன். அந்த பூத்துக்கிட்ட தினம் ஒரு புது ஆளு வந்து குனிஞ்சு லேஸ் கட்டுறான்."

"கட்டட்டுமே, உங்களுக்கு என்ன?"

"இன்னைக்கு வந்தவன் செருப்புல்ல போட்டிருக்கான்!"

அன்றைக்கு அக்கா கையில் மாவோடு இறங்கிப் போய் அந்த ஆளைப் பிடித்துவிட்டார். கஞ்சாவா, குண்டா, என்ன வைக்கிறாய் என்று கேட்ட கேள்வியில் அவன் நடுங்கிப்போய், பூத்தின் பழைய மீட்டர் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சோப்பு டப்பாவை எடுத்துக் காட்டினான். உள்ளே ஒரு சுருட்டிய தாள், நிறையப் பெயர்கள்.

உலகம் முழுக்க இந்த விளையாட்டு உண்டு. ஜியோகேச்சிங் என்று சொல்வார்கள். ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, இடத்தின் எண்களை வலைத்தளத்தில் போடுவார். மற்றவர்கள் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு தேடிவந்து, தாளில் பெயரெழுதி, திரும்ப அங்கேயே வைத்துவிட்டுப் போவார்கள். வழிப்போக்கர் யாருக்கும் தெரியாமல் செய்ய வேண்டும். பரிசு கிடையாது. "வேலையத்தவன் பூனைக்குச் சிரைச்ச கதை" என்றார் அக்கா. ஆனால் அந்த வாரமே தாள் நனைந்திருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார். மழைக் காலத்தில் பிளாஸ்டிக் உறை போட்டுவைத்தார். கடைக்குப் போகும் வழியில் நின்று பார்க்க அரை நிமிஷம் போதும். டைம் கீப்பர் கணக்கில் அது விழாது. அப்படித்தான் அக்காவிடமிருந்து நான் இந்தப் பித்தைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது என்று என் அம்மா சொல்வது உண்மை. டப்பா ஒரு சாக்கு.

இந்த விளையாட்டில் இன்னொரு கிளையும் உண்டு. எண் பொறித்த ஒரு சின்னத் தகடு கிடைக்கும். அதை ஒரு பொம்மையிலோ சாவியிலோ கட்டி டப்பாவில் விட்டால், வருகிறவர் எடுத்துக்கொண்டுபோய் அடுத்த ஊர் டப்பாவில் விடுவார். எங்கே எடுத்தார், எங்கே விட்டார் என்று தளத்தில் பதிவார். வரைபடத்தில் கோடு நீண்டுகொண்டே போகும். பொருளுக்கு என்ன ஆசை என்று சொந்தக்காரர் எழுதலாம். கடல் பார்க்க வேண்டும், மலை ஏற வேண்டும் என்று. ஆட்டக்காரர்கள் அந்த ஆசையை நிறைவேற்றப் பாடுபடுவார்கள். கட்டாயம் ஒன்றுதான்: யாரும் தனக்கென்று வைத்துக்கொள்ளக் கூடாது.

டைம் கீப்பர் மாரடைப்பில் போனார். ஆஸ்பத்திரியில் ஒரு பையில் கைக்கடிகாரம், பெல்ட், பல் செட்டின் மேல் பாதி மூன்றையும் போட்டுக் கொடுத்தார்கள். கீழ்ப் பாதி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் எனக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று அக்கா என்னை மேலே கூப்பிட்டார். மேசையில் அந்த மேல் செட் இருந்தது. அண்ணத்துப் பக்கம் மோட்டாரால் ஓட்டை போட்டு, கம்பி கோத்து, தகடு மாட்டியிருந்தார். யாரோ ஓர் ஆட்டக்காரர் நன்றிக்காகக் கொடுத்துவிட்டுப் போன தகடு.

"இதை எங்கயாவது விட்டுடு. தூரமா."

"அக்கா! இது மாமாவோட..."

"ஆமா. குப்பையில போட்டா இந்த ஊர்லயேதான கிடக்கும்?"

"தளத்துல இதோட ஆசை என்னன்னு எழுதணுமே, என்ன எழுத?"

"ஊர் சுத்தணுமாம்னு எழுது. எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம். திரும்பி வர வேண்டியதில்லைன்னும் எழுது. அத மறந்துடாத."

சொன்னபடியே எழுதினேன். கீழே என் அம்மா கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாரு, செத்த புருஷனை ஊர் சுத்த அனுப்புறா. நாங்களும் கட்டிக்கிட்டோமே!" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். "எனக்குப் பல் கெட்டியா இருக்கு" என்றார் அப்பா.

இரண்டு நாடு தாண்டி ஒரு கலங்கரை விளக்கத்தின் வேலிக்கடியில் இருந்த டப்பாவில் செட்டை விட்டேன். அதற்குப் பிறகு அது நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஆட்டக்காரர்களுக்கு அது உயிர். பனியில் வைத்துப் படம் எடுத்தார்கள். மலையுச்சியில், ரயில் ஜன்னலில், ஒரு ஹோட்டலில் கடித்த ஆப்பிளுக்குப் பக்கத்தில். படத்துக்குப் படம் அந்தத் திரும்பின கோரைப்பல் தெரியும். சிரிக்கும் பயணி என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

நான் வேலை பார்த்த ஊருக்கு அக்கா போன் செய்வார். எடுத்தவுடன் நலம் விசாரிப்பு கிடையாது.

"இப்ப எங்க இருக்காரு?"

"பனிப் பிரதேசத்துல. ஒரு டீச்சரம்மா எடுத்துட்டுப் போயிருக்காங்க."

"அங்கேர்ந்து இன்னும் மேல போக வழி இருக்கா?"

"அதுக்கு மேல கரடிதான்க்கா."

"பரவால்ல, கரடிக்கும் பல்லு இருக்குல்ல" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மூச்சு முட்டும்வரை சிரித்துவிட்டு, "நான் இன்னைக்குப் பக்கத்து ஊருக்கு பஸ் ஏறிப் போனேன்" என்பார். அங்கே பாலத்துக்கடியில் ஒரு டப்பா எடுத்தாராம். அடுத்த மாதம் இரண்டு ஊர் தள்ளி. பிறகு ஒரு டாக்டர் வீட்டுக் குடும்பத்தோடு மலைக்குப் போய்வந்தார். செட் எவ்வளவு தூரம் போகிறதோ அதில் கொஞ்சம் அவரும் போனார். அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

மகனுக்கு இந்த விஷயமே தெரியாமல் இருந்தது. அவன் கப்பல் ஏதோ துறைமுகத்தில் நின்றபோது என் அம்மா போனில் சொல்லிவிட்டாள். அவன் அந்தப் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு படமாகப் பார்த்து, அடுப்படியில் உட்கார்ந்து அழுததாக எனக்கு எழுதினான். அவனும் விளையாட்டில் சேர்ந்துகொண்டான். சேர்ந்த கையோடு, பயணப் பக்கத்தில் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள் வைத்தான். இவர் என் அப்பா. திரும்பி வர வேண்டியதில்லை என்று எழுதியிருப்பது என் அம்மாவின் சுபாவம், அவருக்கு எதையும் கேட்டு வாங்கத் தெரியாது. எனக்கு விடுமுறை வரும்போது அப்பாவை எங்கள் வீட்டெதிரே இருக்கும் டப்பாவுக்குக் கொண்டுவந்து சேர்க்க முடியுமா?

உலகத்தில் இதைவிட ஒரு நல்ல வேலையை ஆட்டக்காரர்களிடம் கொடுத்துவிட முடியாது. கரடி தேசத்து டீச்சரம்மா தன் மைத்துனரிடம் கொடுத்தார். மைத்துனர் ஒரு லாரி டிரைவரிடம். டிரைவர் தான் போக வேண்டிய வழியை விட்டுச் சுற்றிப்போய் அடுத்த டப்பாவில் வைத்துவிட்டு வந்தார். ஒவ்வொரு பதிவுக்குக் கீழும் இதயம், கைகுவிப்பு, வாழ்த்து. வரைபடத்தில் மேலே போய்க்கொண்டிருந்த கோடு வளைந்து கீழே இறங்கத் தொடங்கியது.

பூத்துக்கு வந்த யாரோ ஓர் ஆட்டக்காரர் அக்காவிடம் வரைபடத்தைக் காட்டியிருக்கிறார். அக்கா போன் செய்தார்.

"ஏன்டி, அவரு திரும்புறாரு."

தெருமுனையில் ஆளைப் பார்த்துவிட்டுச் சொல்கிற மாதிரி இருந்தது குரல். மகன் போட்ட வேண்டுகோளைச் சொன்னேன். "நல்ல விஷயம்தானேக்கா" என்றேன்.

"நீ அந்தப் பக்கம்தான இருக்க? வழியில மடக்கி வேற பக்கம் விட்டுடு."

"எதுக்குக்கா? அவன் ஆசையா..."

"சொன்னாச் செய்யேன்டி. நான் உன்கிட்ட வேற என்ன கேட்டேன்?"

அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லைதான். செட் அப்போது நான் இருந்த ஊருக்கு ஒரு ராத்திரிப் பயணத் தூரத்தில், ஒரு ரயில் நிலையத்துச் சைக்கிள் நிறுத்தத்தில் இருந்தது. விடிகாலையில் போய் இறங்கினேன். இரும்புத் தூணுக்குள் டப்பா இருந்தது, செட் இல்லை. ஒரு வயதான தம்பதி முந்தின நாள் சாயங்காலம் எடுத்திருந்தார்கள். விமானத்தில் எங்கள் ஊர்ப் பக்கம்தான் வருகிறார்களாம், தாங்களே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்களாம். "வீட்டுக்குப் போகிறார்!" என்று எழுதிப் பக்கத்தில் ஒரு வீடு வரைந்திருந்தார்கள். புகைபோக்கியோடு.

கொண்டுவர வேண்டாம், என்னிடம் கொடுத்துவிடுங்கள் என்று அவர்களுக்குத் தளம் வழியாகச் செய்தி அனுப்பினேன். அம்மாவுக்கான இன்ப அதிர்ச்சி கெட்டுவிடும் என்று பயப்படுகிறீர்கள், புரிகிறது, நாங்கள் ரகசியம் காப்போம் என்று பதில் வந்தது. நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டால் தப்பிக்கவே முடியாது.

எனக்கு வேலை ஒப்பந்தம் முடிந்து நான் ஊர் திரும்பியதும் அந்த நாட்களில்தான். வந்த அன்றே மேலே போனேன். அக்கா மெலிந்திருந்தார். பலகையில் மெருகேற்றாத செட்டுகள் சேர்ந்துகிடந்தன. பாலத்துக்கடியில் எடுத்த டப்பா, மலை டப்பா எதைப் பற்றிக் கேட்டாலும், "முட்டி வலி, எங்கயும் போறதில்ல" என்றார். மறுநாள் அவருடன் கடைக்குப் போனேன். உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தவர் சட்டென்று கடைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பாதி பொறுக்கினதை அப்படியே போட்டுவிட்டு நடந்தார். வேகமாக. நான் ஓடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. வீட்டில் யாரும் இல்லை. பூட்டைத் திறந்து உள்ளே போனபிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"யாருக்கு இப்படி ஓடி வந்தீங்க?" என்று கேட்டேன்.

"கால் பழகிப்போச்சு" என்றார். அப்போதும் எனக்கு முழுக்க விளங்கவில்லை. ஆனால் என் சிரிப்பு நின்றுவிட்டது.

மகன் விடுமுறையில் வந்தான். கப்பல் வெயிலில் கறுத்து, தோள் அகன்று, கையில் ஒரு ஸ்வீட் பெட்டியோடு. தம்பதியும் சொன்ன சொல் தவறவில்லை. காலையில் பூத்துக்கு வந்து, லேஸ் கட்டி, போய்விட்டார்கள். அக்கா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"அம்மா, கீழ வா. உன் டப்பாவுல உனக்கு ஒண்ணு இருக்கு."

"முட்டி வலிக்குதுடா."

"தூக்கிட்டுப் போகட்டா? மூட்டை தூக்கிப் பழகின உடம்பு."

"நீ போய் எடுத்துட்டு அப்படியே போயிடு" என்றார் அக்கா. அவன் அதைத் தமாஷ் என்று எடுத்துக்கொண்டு இறங்கினான். சோப்பு டப்பாவோடு மேலே வந்து, மேசையில் கிடந்த மெழுகுத் துணுக்குகளை ஒதுக்கி, துணி விரித்து, செட்டை வைத்தான். கைப்பேசியை எடுத்துத் தன் கையில் வந்து சேர்ந்ததாகப் பதிந்தான். கண் கலங்கியிருந்தது.

"அப்பா வந்துட்டாரும்மா."

பனி, உப்புக் காற்று, எத்தனையோ பைகள் பார்த்து ஈறு நிற அக்ரிலிக் மங்கியிருந்தது. பல் மட்டும் அப்படியே. அக்கா அதைத் தொடவில்லை. நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்.

"எடுத்துட்டுப் போடா. இங்க வேணாம்."

"என்னம்மா பேசுற? இவ்வளவு பேரு பாடுபட்டு..."

"நான் கேட்டேனா? வர வேணாம்னுதான எழுதச் சொன்னேன். இவளக் கேளு."

"ஆமாடா, அப்படித்தான் சொன்னாங்க" என்றேன்.

"நீ சும்மா இருடி. பாதி நாள் ஊர்லயே இல்ல, உனக்கு என்ன தெரியும் எங்க வீட்டப் பத்தி?" அவன் அம்மாவின் பக்கம் திரும்பினான். "அவரு கோவக்காரருதான், இல்லன்னு சொல்லல. எனக்கும் விழுந்திருக்கு. அதுக்காக செத்தவர் மேல இப்படியா? உன்ன நாய் கடிச்சப்ப லீவு போட்டுட்டு ஒவ்வொரு ஊசிக்கும் கூடவே வந்து நின்னாரே, அதெல்லாம் மறந்துபோச்சா?"

அக்கா கையை நீட்டி ஜன்னலில் இருந்த பிளாஸ்டர் கட்டியை எடுத்தார். ஜன்னல் கதவு படாரென்று அடித்து மூடியது. அறை இருட்டிப்போனது, விளக்கைப் போட்டேன்.

கட்டியை அவர் திருப்பி மேசையில் வைத்தார். அத்தனை வருஷம் அதன் முதுகைத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம். மறுபக்கத்தில் தோலின் வரிகள் இருந்தன. நடுவில் வளைவாக, வரிசையாகக் குழிகள்.

"என்னம்மா இது?"

"என் கை."

செட்டை எடுத்து, ஒரு தொழில்காரர் பொருத்தம் பார்க்கிற மாதிரி இரண்டு விரலால் பிடித்து, குழிகளின் மேல் வைத்து அழுத்தினார். அது உட்கார்ந்தது. ஒரு பக்கத்தை விரலால் தட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

"அந்தக் கோரைப்பல்லு திரும்பியிருக்குல்ல. நான்தான் திருப்பி வெச்சேன். கட்டின பல்லுன்னு தெரியக் கூடாதுன்னு கேட்டாரு. நல்லாப் பொருந்தின செட்டுடா அது. பொருந்தாத செட்டா இருந்தா கடிக்கும்போது கழண்டிருக்கும்."

அவன் குனிந்து பார்த்தான். கோரைப்பல்லின் குழி மற்றவற்றைவிட ஆழமாக, சாய்ந்து, பல் திரும்பிய அதே பக்கம் திரும்பியிருந்தது. அக்கா கையைத் திருப்பி முழங்கைக்குக் கீழே காட்டினார். தழும்பு மங்கிப்போயிருந்தது. பிளாஸ்டர் மங்கவில்லை.

"கடைக்குப் போய் லேட்டா வந்தேன். அவ்வளவுதான். டாக்டர் கேட்டப்ப அவரே நாய்னு சொல்லிட்டாரு. நானும் தலைய ஆட்டினேன். நாய்க் கடின்னா விடுவாங்களா, வெறிநாய் ஊசி முழுசும் போட்டாங்க. கூடவே வந்து நின்னாரு, நான் வாயத் திறந்துடக் கூடாதுன்னு." தழும்பைத் தேய்த்துக்கொண்டு, "ஊசி ஒண்ணும் தப்பில்ல. கடிச்சதுக்கு ஏத்த ஊசிதான்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கட்டியின் முதுகில் பென்சில் சீவியது என் விரலுக்கு ஞாபகம் வந்தது.

மகன் நிமிரவே இல்லை. குனிந்தபடியே கேட்டான்.

"அப்போ துரை கடிக்கலையா?"

"இல்லடா."

"பல்லே படலையா?"

"அவன் வாசல்ல தூங்கிட்டிருந்தான்."

"இத எப்ப எடுத்த?"

"அன்னைக்கே. வீக்கம் ஏறுறதுக்குள்ள எடுக்கணும்னு மெழுகுல அச்செடுத்து, அதுல மாவு கரைச்சு ஊத்தி எடுத்துட்டேன். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோலாம்னு."

"வண்டி மறுநாள்தான வந்துச்சு."

அக்கா மேசையில் கிடந்த மெழுகுத் துணுக்குகளை ஒன்றாகக் கூட்டினார்.

"அம்மா, உன்னத்தான் கேக்கறேன். வண்டி வந்தப்ப இது உன்கிட்ட இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நான் கூப்பிட்டப்ப நீ எங்க நின்ன?"

"இங்கதான்" என்று மேசையைக் காட்டினார் அக்கா. "இத ஜன்னலுக்குக் குடுத்துட்டு நின்னேன். வெளிய எடுத்தா அவரு என்னையும் உன்னையும்..." முடிக்கவில்லை. "நாயா நாமளான்னு இருந்துச்சுடா" என்றார்.

"என்னைக் கூப்பிட வெச்சீங்களே" என்றான். வீங்கிய உதட்டால் பேசுகிற மாதிரி இருந்தது. "ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் கூப்பிட வெச்சீங்களே."

அக்கா எழுந்து அவன் தலையைத் தொடப் போனார். அவன் விலகினான். அடிக்கு விலகுகிற மாதிரி இல்லை. தெருவில் நாய் பக்கத்தில் வந்தால் அவன் விலகுவானே, அப்படி. பிறகு கட்டியையும் செட்டையும் பிரிக்காமல், பொருந்தினது பொருந்தினபடி அந்தத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தான். படியிறங்கினான். கீழே என் அம்மா, "என்னடா அதுக்குள்ள கிளம்பிட்ட, சாப்பிடலையா?" என்று கேட்டது மேலே எங்களுக்குக் கேட்டது. ஸ்வீட் பெட்டி பிரிக்காமலே இருந்தது.

விடுமுறை முடியும் முன்பே அவன் கப்பல் ஏறிவிட்டான் என்று அவனுடைய நண்பன் சொல்லித்தான் தெரிந்தது. அக்கா போன் செய்தால் எடுப்பதில்லை. நான் எழுதினால் ஒரு வார்த்தை: "இருக்கேன்."

பயணப் பக்கம் அன்றோடு நின்றுவிட்டது. வரைபடத்தில் கோடு எங்கள் தெருவில் வந்து முடிகிறது. அதன் கீழே, பொருள் மகன் கையில் இருப்பதாகப் போட்டிருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கையில் வைத்திருப்பவர் எங்கே இருக்கிறார் என்று அந்தத் தளம் சொல்லாது. எங்காவது ஒரு டப்பாவில் விட்டால்தான் இடம் தெரியும். ஆட்டக்காரர்கள் பொறுமையிழந்து கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள்: அம்மா சந்தோஷப்பட்டாரா? படம் போடக் கூடாதா? அந்த வயதான தம்பதி இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள்.

அக்கா இப்போது தினமும் காலையில் கை கழுவிவிட்டு என்னைக் கூப்பிடுகிறார்.

"திறந்து பாரு."

"அப்படியேதான் இருக்குக்கா."

"எங்கயும் விடலையா?"

"விடல."

"கடல்ல தூக்கிப் போட்டிருப்பானோ?"

"போட்டிருந்தாலும் இதுல தெரியாது."

"அப்ப கையில இருக்குன்னேதான் காட்டும்" என்கிறார். அது நல்லதா கெட்டதா என்று அவர் முகத்திலிருந்து எனக்குத் தெரிவதில்லை. ஒரு காலத்தில், கோடு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருக்காதா என்று இதே பக்கத்தைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார். மறுபடி அவர் பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போகிறார். கடையில் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் போகும் இடமெல்லாம் துறைமுகம் இருக்கும் ஊராகவே இருக்கிறது. டப்பா தேடப் போனேன் என்கிறார்.

எனக்கு அடுத்த மாதம் வேறொரு நாட்டில் வேலை. சொன்னதும் அக்கா, "வழியில கப்பல் நிக்கிற ஊரு ஏதாவது..." என்று தொடங்கிவிட்டு, எதையோ தேடுகிற மாதிரி மேசைக்கடியில் குனிந்துகொண்டார்.

ஜன்னலுக்கு இப்போது யாரோ ஒருவரின் கீழ்த் தாடையை அண்டக் கொடுத்திருக்கிறார். செட் வாங்க வராமலே போய்விட்ட நோயாளி. தாடை சின்னது, சரியாக நிற்பதில்லை. காற்றடித்தால் கதவு அதைத் தள்ளிக்கொண்டு வந்து மோதுகிறது. நேற்று அப்படி மோதியபோது அக்கா எழுந்து திறந்தார். பூத்துக்குப் பக்கத்தில் தோள் அகன்ற ஒருவன் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தான். அக்கா ராவுகிற மோட்டாரை அணைத்துவிட்டார். அவன் நிமிர்ந்து திரும்பினான். வேறு யாரோ.

"செருப்பப் போட்டுக்கிட்டு லேஸ் கட்டுறான்" என்றார் அக்கா. மோட்டாரைத் திரும்பப் போட்டார்.